அரைமணி வட்டம்

சனிக்கிழமை பின்நேரம் மூன்று மணிக்கு, ஓலைத்தொடுவாயில் வலன்ரைன் நித்திரை கலைந்து, கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் மூக்குக்கண்ணாடி இருந்தது. செபமாலை இருந்தது. தண்ணீர்ச் செம்பு இருந்தது. தங்கக் கைமணிக்கூடு மட்டும் இல்லை.

கிழவர் உடனே கூப்பாடு போடவில்லை. காலமெல்லாம் கப்பல் எஞ்சின் அறையில் நின்றவர். முதலில் தேடுவார், பிறகுதான் சத்தம் போடுவார். தலையணைக்கு அடியில் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். அலுமாரி இடுக்கில் கையை விட்டுத் துழாவினார். அதன் பிறகு அவர் போட்ட சத்தம் கடற்கரை மீன்வாடிவரைக்கும் கேட்டது.

இரண்டரை மணிக்கு அது மேசையில் இருந்தது. அதிலேயே நேரம் பார்த்துவிட்டுத்தான் படுத்தார். அந்த மணிக்கூடு பொய் சொல்லாது. தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரைமணி முன்னுக்குத் தள்ளியபோது, "கொழும்பு சொன்னா சூரியனும் கேக்கத்தான் வேணும்" என்று பகிடி விட்டபடி அன்றிரவே முள்ளைத் திருப்பி வைத்தவர் வலன்ரைன். அன்றிலிருந்து ஏழு வருஷமாக வானொலியும் அவரும் ஒரு நிமிடம்கூடப் பிணங்கியதில்லை.

கடற்காற்றுக்காக யன்னல் திறந்தே கிடந்தது. வீட்டில் இருந்த இன்னொரு ஆள், சமைக்க வருகிற உம்மு குல்சூம். பொலிசுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. ஐந்து மணிக்கு அவளை ஜீப்பில் ஏற்றி மன்னாருக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து, கோயில் வாசலில் மற்றச் செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற அன்ரோனெற்றை அதே ஜீப் வந்து ஏற்றிக்கொண்டது. அவள் மன்னார் நீதவான் கோட்டில் மொழிபெயர்ப்பாளர். அந்த வேலைக்கு முதலியார் என்று பழைய பெயர் ஒன்று உண்டு. சேலை கட்டின ஆளை முதலியார் என்று கூப்பிட ஊருக்கு நாக்கு வராததால் அவள் எல்லோருக்கும் மிஸ். புதிய இன்ஸ்பெக்டர் தெற்கிலிருந்து வந்து ஆறு கிழமை. அவருக்குத் தெரிந்த தமிழ் வணக்கம், வாங்கோ, போங்கோ. மிச்சத்துக்கெல்லாம் அன்ரோனெற் வேண்டும்.

"மிஸ், நான் கேட்பதைச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதைச் சொல்லுங்கள். சொந்தக் கருத்து வேண்டாம்" என்றார் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில்.

"சரி சார்" என்றாள் அவள். சொந்தக் கருத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தாள். பையைத்தான் பூட்டவில்லை.

உம்மு குல்சூம் இரவு முழுக்க அழுத முகத்தோடு வந்து நின்றாள்.

"களவு நடந்தபோது நீ எங்கே இருந்தாய்?"

அவர் 'நீ' என்றதை அன்ரோனெற் தமிழில் 'நீங்கள்' ஆக்கினாள். மரியாதையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்ததற்காக அவளை இதுவரை எந்த நீதவானும் கண்டித்ததில்லை.

"கிணத்தடியில சட்டி பானை கழுவிக்கொண்டு நிண்டன், மிஸ்."

"யாரையாவது கண்டாயா?"

"இல்லை. வாளி இழுக்கிற சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை."

"மணிக்கூட்டின் விலை உனக்குத் தெரியுமா?"

"மணிக்கூட்டுக்கு விலை கேக்க எனக்கென்ன விசரா? மிஸ், பதிமூண்டு வருசம் புத்தளத்தில அகதியா ஓலைக் கொட்டிலுக்குள்ள கிடந்திட்டு, எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி மூண்டு மாசம். வீட்டுக்கு இன்னும் கூரை போடேல்லை. நான் கள்ளியெண்டு மறியலுக்குப் போனா என்ர பிள்ளையள் அந்த ஊரில எப்பிடித் தலை நிமிந்து திரியிறது? அல்லாவுக்காக இதையும் அவருக்குச் சொல்லுங்கோ."

அன்ரோனெற் ஒரு சொல் விடாமல் சொன்னாள். இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் கையில் இருக்கிற ஆளை விட்டுவிட்டு இல்லாத ஆளைத் தேட எந்தப் பொலிசுக்கும் விருப்பம் வராது. "நாலு மணிக்கு இவளை நீதவான் வீட்டுக்குக் கொண்டு போகிறேன்" என்றார். போனால் மறியல்தான், வவுனியாச் சிறை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதைக் கோட்டில் எத்தனையோ முறை கண்டவள் அன்ரோனெற். கண்டும் பழகவில்லை.

உண்மையில் அவளுடைய முதல் சந்தேகம் வலன்ரைன் மேலேயே விழுந்தது. மணிக்கூட்டை விற்கப் பேசிவிட்டு, கொடுக்க மனமில்லாமல் கிழவரே ஒளித்துவைத்துவிட்டாரோ? அதை வாங்கக் கொழும்பிலிருந்து வந்த சிவலட்சுமியோடு அவர் நிலையத்து மரவாங்கில் இருந்தார். அன்ரோனெற் பக்கத்தில் போய் மெல்லக் கேட்டாள்.

"அறுபத்திரண்டில, புயலுக்குள்ள எஞ்சின் நிண்ட கப்பலைத் திரும்ப ஓட வைச்சனான், மிஸ். கப்பல்காரன் தன்ர கையில கிடந்ததைக் கழட்டி என்ர கையில கட்டிவிட்டவன். நாப்பது வருசம் ஆர் கேட்டும் குடுக்கேல்லை. இப்ப இந்த விரலைப் பாருங்கோ." விரல்கள் நடுங்கின. "சாவி குடுக்கிறதே பெரும்பாடாக் கிடக்கு. ஓடாமக் கிடந்து சாகிறதை விட, குடுக்கத் தெரிஞ்ச ஆளிட்ட ஓடட்டும் எண்டுதான் விக்க யோசிச்சனான். குல்சூம் எடுக்கமாட்டா. எடுத்தவ எண்டு நான் சொல்லவும் இல்லை. பொலிசு என்னை எங்க கேட்டது?"

ஒளித்தவன் பேச்சு அல்ல அது. அன்ரோனெற் கிழவரை மனதிலிருந்து விடுவித்தாள்.

சுவர் மணிக்கூடு பத்தரையைக் காட்டியபோது லோறன்ஸ் வந்தான். வலன்ரைனின் மருமகன், தங்கச்சி மகன். மன்னாரில் தொலைபேசிக் கடை வைத்திருப்பவன். சிவலட்சுமிக்கு மணிக்கூட்டின் படத்தை அனுப்பி ஆளை வரவழைத்ததும் அவனே. வெள்ளைச் சேட்டு, மணிக்கட்டில் ஒரு பெரிய இரும்பு மணிக்கூடு, முகத்தில் அளவான துக்கம். மாமாவின் தோளைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே வந்தான்.

"நேற்று எங்கே இருந்தீர்?"

"அங்கால போனனான், மிஸ். உயிலங்குளம் தாண்டி, தம்பு அண்ணை வீட்ட. நெல்லுக் கதைக்க."

அங்கால் என்றால் இயக்கத்தின் பக்கம், அரசின் கை நீளாத இடம். சமாதான ஒப்பந்தம் வந்தபிறகு சனம் போய்வரலாம். பொலிசு போக முடியாது. சோதனைச் சாவடியிலும் பெயர் கேட்பதை விட்டுவிட்டு, பையைப் பார்த்துத் தலையை எண்ணி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை மணிக்கு வெளிக்கிட்டீர்?"

"மத்தியானச் சாப்பாடு முடிய. ஒண்டரை இருக்கும்."

"எத்தனைக்குப் போய்ச் சேர்ந்தீர்?"

லோறன்ஸ் சிரித்தான். "நான் சொன்னா மருமகன் தனக்காகச் சொல்லுறான் எண்டு நினைப்பினம். தம்பு அண்ணை பம்புக்குப் பெல்ட் வாங்க என்னோடதான் வந்தவர். வெளியில நிக்கிறார். அவரையே கேளுங்கோவன்."

தம்பு வந்தார். வயலில் காய்ந்த உடம்பு, தோய்த்த வேட்டி, தோல் வார் வெடித்த பழைய கைமணிக்கூடு. பொலிஸ் நிலையத்தில் கதிரை கொடுத்தும் நுனியிலேயே இருந்தார்.

"லோறன்ஸ் எத்தனை மணிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தார்?"

"மூண்டரைக்கு."

"எப்படித் தெரியும்?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு வாறன், தம்பி படலையடியில மோட்டார் சைக்கிளை நிப்பாட்டுறார். 'என்ன நேரம் அண்ணை?' எண்டு கேட்டவர். பாத்துச் சொன்னனான். சரியா மூண்டரை."

"பிறகு?"

"தேத்தண்ணி குடிச்சவர். ஒரு தகரப் பேணி நிறைய விதை தந்தவர். பின்னேரம் சாவடி பூட்டிப்போடுவாங்களே, அதால எங்கட வீட்டதான் படுத்தவர்."

"என்ன விதை அண்ணை?" இதை இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. அன்ரோனெற் கேட்டாள்.

"பயித்தை விதையாம். காத்துப் பட்டா முளைக்காது, நான் வந்து நல்ல நாள் பாத்து நடுவம், அதுமட்டும் திறக்கவேண்டாம் எண்டவர். மனிசி பூமணி பரணில வைச்சிருக்கிறா." தம்பு தன் கைமணிக்கூட்டைக் குனிந்து பார்த்தார். "முடிஞ்சுதே தங்கச்சி? பத்து மணியாச்சு. மத்தியானத்தோட பம்புக் கடையைப் பூட்டிப்போடுவான்."

"என்ன சொல்கிறார்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"விதை, பம்பு, கடை" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டருக்கு விதையில் அக்கறை இல்லை. கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு வழித்தூரம் கேட்டார். ஓலைத்தொடுவாயில் இருந்து மன்னார், பாலம், தள்ளாடி, உயிலங்குளம், பிறகு இயக்கத்தின் சாவடி. மோட்டார் சைக்கிளில் பறந்தாலும் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் குறையாது என்றான் அவன்.

"அப்படியானால் சரி. களவு இரண்டரைக்குப் பிறகு. இந்த மனிதர் மூன்றரைக்கு அங்கே. ஒரு மணித்தியாலத்தில் போக முடியாது. அன்றைக்கு மாமாவின் வீட்டுப் பக்கமே இவர் வந்திருக்க முடியாது." இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். லோறன்ஸ் வெளியே போய் மாமாவுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தான்.

களவுபோன பொருளின் அடையாளம் சொல்லச் சிவலட்சுமியைக் கூப்பிட்டார்கள். அவர் கொழும்பில் இருதய வைத்தியர். பகலில் மனிதர் நெஞ்சின் துடிப்பைக் கேட்கிறவர், ஓய்ந்த நேரத்தில் பழைய மணிக்கூடுகளின் துடிப்பைத் தேடி நாடு நாடாக அலைகிறார். இன்ஸ்பெக்டருக்கு அது விளங்கவில்லை.

"நேரம் பார்க்க ஒரு சாமான். இதற்காகவா கொழும்பிலிருந்து வந்தீர்கள்?"

"நேரம் பார்க்க உங்கள் சுவரில் தொங்குவதே போதும்" என்றார் சிவலட்சுமி நல்ல சிங்களத்தில். "இது ஓடுகிற நேரத்தை அளக்கிற மணிக்கூடு. குரோனோகிராஃப். அந்தக் காலத்தில் தங்கத்தில் செய்தது கொஞ்சம். அதில் பாதியைப் பிள்ளைகள் உருக்கிச் சங்கிலி செய்துவிட்டார்கள். மிச்சத்தில் பாதியைக் கடைக்காரர் மினுக்கி, எழுத்தெல்லாம் தேய்த்துக் கெடுத்துவிட்டார்கள். வலன்ரைன் ஐயாவின் மணிக்கூட்டை ஒருவரும் மினுக்கவில்லை. வெயிலும் உப்புக்காற்றும் பட்டு முகப்பு பனங்கட்டி நிறத்துக்கு வந்திருக்கிறது. அந்த நிறத்தை எந்தத் தொழிற்சாலையாலும் போட முடியாது. படத்தைப் பார்த்த இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. அது இப்போது எவன் கையில் என்ன பாடு படுகிறதோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது."

தன் கையில் இருந்த உருக்கு மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதுவும் அதே வகை. இந்தப் பொத்தானை அமத்துங்கள்."

இன்ஸ்பெக்டர் அமத்தினார். நடுவில் அசையாமல் நின்ற நீள முள் ஓடத் தொடங்கியது. அவர் சின்னப் பிள்ளைபோலக் குனிந்து பார்த்தார்.

"இது ஒரு சுற்றுச் சுற்றினால் வலப்பக்கத்துச் சின்ன வட்டத்தில் முள் ஒரு கோடு நகரும். மொத்தம் முப்பது கோடு. அரைமணி வட்டம் என்று வையுங்களேன். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அரைமணி முடிந்தால் முள் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். இந்த வட்டத்தை மட்டும் பார்க்கிறவருக்கு நேரமே போகாத மாதிரித் தெரியும். அரைமணி களவு போனது தெரியாது. அது தெரிய வேண்டுமென்றால் கீழே இருக்கிற மணி வட்டத்தையும் பார்க்க வேண்டும்."

அரைமணி களவு போனது தெரியாது.

அன்ரோனெற் நிமிர்ந்தாள். சுவரைப் பார்த்தாள். வாசலில் காத்திருந்த தம்புவின் இடது மணிக்கட்டைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள். அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை இதுதான். அதுவும் பொலிஸ் நிலையத்துச் சோற்றில், மன்னார்க்காரி இவளுடைய கையாலேயே பரிமாறவைத்து.

"சார், மொழிபெயர்ப்பு இன்னும் முடியவில்லை" என்றாள்.

"என்ன மிச்சம்?"

"ஒரு சொல். அது உயிலங்குளத்துக்கு அங்கால் கிடக்கிறது. தம்பு அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்துவர வேண்டும். நாலு மணிக்குள் வருகிறேன்."

"நான் சொந்தக் கருத்து வேண்டாம் என்றேன்."

"நான் இன்னும் கருத்துச் சொல்லவில்லையே சார். நாலு மணிக்குச் சொல்கிறேன்."

இன்ஸ்பெக்டர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு கையை விரித்தார். "நாலு. அதற்குமேல் ஒரு நிமிடமும் இல்லை. உங்கள் சொல் வந்தாலும் வராவிட்டாலும் ஜீப் போகும்."

லோறன்ஸ் எழுந்தான். "தம்பு அண்ணையை நானே கொண்டுபோய் விடுறன் மிஸ். உங்களுக்கு ஏன் வீண் அலைச்சல்?"

"நீங்கள் மாமாவோட இருங்கோ தம்பி. வயசான மனுசன். சாருக்கும் உங்கட ஒப்பம் தேவைப்படும்." அவன் முகத்தில் இருந்த அளவான துக்கம் ஒரு கணம் அளவு மீறியதை அவள் கண்டாள்.

சிவலட்சுமியின் வான் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. சாவடியில் இறங்கி, நடந்து, அந்தப் பக்கத்தில் ஒரு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி வயல் வழியே குலுங்கிப் போனார்கள். வழியில் அவள் விசயத்தைச் சொல்லச் சொல்ல, தம்புவின் முகம் கறுத்தது.

"அப்ப என்னை வைச்சே விளையாடினவரோ?" என்றார்.

பூமணி பரணில் இருந்து பால்மாப் பேணியை இறக்கித் தந்தாள். மூடி விளிம்பைச் சுற்றி மெழுகு. அன்ரோனெற் அதைத் திறக்கவில்லை. திறந்தால் அங்கேதான் வைத்தாள் என்று நாளைக்கு ஒரு சட்டத்தரணி கேட்பான். அவளே அதை மொழிபெயர்க்க வேண்டியும் வரும்.

திரும்பும்போதுதான் சோதனை. மடுமாதாவைக் கும்பிட்டுத் திரும்பிய பஸ்கள் வரிசையாக நின்றன. வரிசை நத்தையாக ஊர்ந்தது. இராணுவச் சிப்பாய் பேணியை வாங்கிக் குலுக்கினான். கலகலவென்று விதைச் சத்தம்.

"மொகத?" என்ன என்று கேட்டான்.

"பயிற்றை விதை" என்றாள் சிங்களத்தில்.

போகச் சொன்னான். வானுக்குள் ஏறியபிறகுதான் பயம் பிடித்தது. உள்ளே விதை மட்டும் இருந்தால்? இனி இந்த இன்ஸ்பெக்டர் முன்னால் அவள் வாய் திறக்க முடியாது. அது போகட்டும், குல்சூம்? மாதாவே, என் புத்தியை நம்பி ஒருத்தியின் வாழ்க்கையைப் பணயம் வைத்துவிட்டேனே என்று மனம் அடித்துக்கொண்டது. தள்ளாடியில் நாலு மணி கடந்துவிட்டது. சாரதி இன்னும் வேகமாக மிதித்தான்.

நிலையத்து முற்றத்தில் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் உம்மு குல்சூம், முந்தானையால் முகத்தை மூடியபடி. இன்ஸ்பெக்டர் ஒரு காலைப் படியில் வைத்திருந்தார்.

"நாலு மணி என்றேன் மிஸ். இப்போது நாலு இருபது. பிந்திவிட்டீர்கள்."

"நான் பிந்தவில்லை சார்" என்றாள் அன்ரோனெற் மூச்சிரைக்க. "தம்பு அண்ணையின் மணிக்கூட்டில் நாலாக இன்னும் பத்து நிமிசம் இருக்கிறது."

"அவருடைய மணிக்கூடு பிழை."

"பிழை இல்லை சார். வேறு. அதுதான் நான் கொண்டுவந்த சொல்."

இன்ஸ்பெக்டரின் கால் படியிலிருந்து இறங்கியது. ஜீப்பின் உறுமல் நின்றது.

எல்லோரும் உள்ளே வந்தார்கள். லோறன்ஸ் வாசலுக்குக் கிட்ட நின்றான். கான்ஸ்டபிள் அவனுக்கும் வாசலுக்கும் நடுவே நின்றான். அன்ரோனெற் பேணியை மேசையில் வைத்தாள்.

"நேற்று மத்தியானம் யன்னலால் கையை விட்டு மணிக்கூட்டை எடுத்தவர் இந்த லோறன்ஸ்" என்றாள், முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில். "இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில். எடுத்த கையோடு சாவடியைத் தாண்டினார். பையைத்தான் சோதிப்பார்கள். நீளக் கைச் சேட்டுக்குள் கட்டியிருக்கிற மணிக்கூட்டை யார் கேட்பார்கள்?"

"மூண்டரைக்கு நான் அங்க! தம்பு அண்ணையே சொன்னவர்!" லோறன்ஸின் குரல் உயர்ந்தது.

"சொன்னவர். தன்ர நேரத்தில சொன்னவர்." அன்ரோனெற் இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "சார், ஏழு வருஷத்துக்கு முன் அரசாங்கம் நேரத்தை அரைமணி முன்னுக்குத் தள்ளியது. மன்னார் ஏற்றுக்கொண்டது. அங்கால் ஏற்கவில்லை. அவர்களுக்கு இன்றைக்கும் பழைய நேரம்தான். சாவடியைத் தாண்டுகிறவர்கள் அரைமணியைக் கூட்டுவோம், கழிப்போம். இங்கே பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்ததாலேயே ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தம்பு அண்ணை மன்னாரில் கதிரையில் இருந்து மூண்டரை என்றார். நானும் மூன்றரை என்றேன். சொல்லை மொழிபெயர்த்தேன், மணிக்கூட்டை மொழிபெயர்க்கவில்லை. அவருடைய மூன்றரை எங்களுடைய நாலு மணி. ஓலைத்தொடுவாயில் இருந்து ஒரு மணித்தியாலத்தில் அங்கே போக முடியாது. ஒன்றரை மணித்தியாலத்தில் போகலாம்."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"இவர் கையில் இவ்வளவு பெரிய மணிக்கூடு இருக்க, தம்பு அண்ணையிடம் ஏன் நேரம் கேட்டார்? நீங்கள் கேட்டபோது ஏன் தன் வாயால் மூன்றரை என்று சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அது பொய். தம்பு அண்ணை சொன்னால் அது உண்மை. நீங்கள் புதியவர், உங்களுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டார். எனக்குத் தெரியும், ஆனால் நான் பேசமாட்டேன் என்றும் கணக்குப் போட்டார்."

தம்பு எழுந்து நின்றார். "நான் பொய் சொல்லேல்லை, ஐயா."

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னது முழு உண்மை. உங்கட உண்மையை எடுத்துத்தான் இவர் தன்ர பொய்யைக் கட்டினவர்."

"பேணி?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வயல்காரனுக்கு விதை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார், சார். கொல்லன் தெருவில ஊசி வித்த மாதிரி. தொலைபேசிக் கடைக்காரருக்கு என்ன விதை? அந்தப் பக்கம் உங்களால் போய்த் தேட முடியாது. அதனால் அதைவிடப் பத்திரமான அலுமாரி இவருக்கு இல்லை. திறவுங்கள்."

இன்ஸ்பெக்டர் கத்தியால் மெழுகைக் கீறி மூடியைத் தூக்கினார். பயிற்றை விதைகள் மேசையெல்லாம் சிதறின. விதை, விதை, இன்னும் விதை. கடைசியில் 'தொப்' என்று ஒரு கைலேஞ்சிப் பொட்டலம் விழுந்தது.

சிவலட்சுமி பாய்ந்து அவிழ்த்தார். பனங்கட்டி நிற முகப்பு, அதைச் சுற்றி மஞ்சள் தங்கம். காதில் வைத்தார். "ஓடுது!" என்றார் தமிழில். அந்த வைத்தியரின் கண் கலங்கியிருந்தது.

அன்ரோனெற் அதை வாங்கி மேசையில் வைத்தாள். பக்கத்தில் தம்புவின் தோல் வார் வெடித்த மணிக்கூட்டை வைத்தாள். தங்கம் நாலு இருபத்தைந்து என்றது. சுவரும் அதையே சொன்னது. தம்புவின் மணிக்கூடு மூன்று ஐம்பத்தைந்து என்றது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்குமேல் எந்த மொழியிலும் விளக்கம் தேவைப்படவில்லை.

"நான்தானே மாமா இந்த மணிக்கூட்டுக்கு ஆள் பிடிச்சனான்!" லோறன்ஸ் உடைந்தான். "சிங்கப்பூரில ஒருத்தன் இதைக் கேட்டு உயிரை விடுறான். எனக்கு எண்டு ஒரு சொல்லும் நீங்கள் சொல்லேல்லையே."

"கேட்டிருந்தா தந்திருப்பன்ரா" என்றார் வலன்ரைன். "அந்தப் பிள்ளையின்ர தலையில பழியைப் போட்டிட்டுச் சோடா வாங்கித் தந்தியே. அதைத்தான் என்னால விழுங்க ஏலாமக் கிடக்கு."

லோறன்ஸைக் கொண்டு போனார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி உம்மு குல்சூமுக்கு முன்னால் நின்றார். "மிஸ், நான் பிழை செய்துவிட்டேன் என்று இவருக்குச் சொல்லுங்கள்."

இந்தமுறை அவர் மரியாதையாகச் சொன்னதை அன்ரோனெற் கவனித்தாள். "அதுக்கு மொழிபெயர்ப்புச் சரிவராது சார். 'மன்னிக்கவேணும்' என்று நீங்களே சொல்லுங்கள்."

அவர் தெரிந்த சொற்களையெல்லாம் தேடினார். "மன்னிக்க... வாங்கோ, அம்மா" என்றார். வாங்கோ எதற்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. நேற்றிலிருந்து முதல்தடவையாக உம்மு குல்சூம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

வலன்ரைன் தங்க மணிக்கூட்டை எடுத்தார். சிவலட்சுமி கையை நீட்டினார். கிழவர் அதைக் கடந்துபோய் உம்மு குல்சூமின் உள்ளங்கையில் வைத்தார்.

"சாவி குடு பிள்ளை. எல்லாரும் பாக்கக் குடு. இனி ஒவ்வொரு நாளும் காலமை நீதான் குடுக்கவேணும்."

"ஐயா, அப்ப எனக்கு?" என்றார் சிவலட்சுமி, நீட்டிய கை நீட்டியபடி.

"விரல் ஏலாமத்தானே விக்க நினைச்சனான். இப்ப விரல் கிடைச்சிட்டுது. நீங்கள் விரும்பின நேரம் வந்து பாருங்கோ டொக்டர். பிள்ளை நல்ல மீன்குழம்பு வைப்பா."

உம்மு குல்சூம் சேலையில் விரலைத் துடைத்துவிட்டு, குமிழைப் பிடித்து மெல்லத் திருகினாள். நிலையமே அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது.

தம்பு தன் மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு அன்ரோனெற்றிடம் வந்தார். "பம்புக் கடை பூட்டியிருப்பான், என்ன?"

"எந்த நேரத்துக்கு அண்ணை?" என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு பெல்ட் வாங்கக் கடைக்காரனை எழுப்பப் போனார்கள்.